திருப்பி அமுக்காத கை

நடுவிரல்தான் முதலில் கீச்சிட்டது.

டிசம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு வழக்கம்போல முன்னறையில் கைப்பெட்டி முனக ஆரம்பித்தது. அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த ஜெனோவாவுக்கு அந்த முனகல் மனப்பாடம். ஐந்து விரலுக்கு ஐந்து சர்வோ மோட்டார், மணிக்கட்டைத் திருப்ப ஒரு ஸ்டெப்பர் மோட்டார். ஆறையும் அவளேதான் வாங்கிப் பொருத்தியிருந்தாள். அன்றைக்கு அந்த முனகலுக்கு நடுவே மெல்லிசாக ஒரு கீச்சு கேட்டது.

"செலின், நடுவிரல் சத்தம் போடுது. ரொம்ப இழுக்காதட்டி."

"சரிம்மா" என்று முன்னறைப் பக்கமிருந்து மகளின் குரல் வந்தது.

ஜெனோவா தூத்துக்குடியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுப்பவள். வேலை போக மிச்ச நேரமெல்லாம் மோட்டார்தான். வெயிலுக்குத் தானே இறங்கும் திரை, மீன் தொட்டிக்கு மணியடித்தாற்போல் இரை போடும் டப்பா என்று வீடு முழுக்க ஏதாவது அசைந்துகொண்டே இருக்கும். கணவன் கிளிட்டஸ் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். ஒரு முறை ஏறினால் ஒன்பது மாதம் கடல். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவன் கப்பலுக்குக் கிளம்பும் நேரத்தில் செலின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அவனை அனுப்பிவிட்டு வந்து ஜெனோவா வரைய ஆரம்பித்ததுதான் கைப்பெட்டி.

அடுத்த விடுமுறையில் அவன் வந்தபோது அதை மேசைமேல் வைத்து விளக்கினாள்.

"சர்வோகிட்ட ஒரு கோணம் சொன்னா அங்க போய் நிக்கும். நீங்க அத தள்ளுனா விட்டுக்குடுக்காது, எதுத்துத் தள்ளும். தள்ளுதப்ப கரண்ட் கூட இழுக்கும். அந்தக் கரண்ட அளந்தா நீங்க எவ்வளவு அமுக்குதீயன்னு தெரிஞ்சிரும்லா? அந்த அளவ இந்தப் பெட்டி உங்க கப்பல்ல இருக்க பெட்டிக்கு அனுப்பும். அது அங்கேருந்து இங்க அனுப்பும். இங்க பிள்ள அமுக்குனா அங்க உங்க கையில அமுங்கும்."

"ஸ்டெப்பர் எதுக்கு?"

"மணிக்கட்டு மெதுவாத் திரும்பணும். ஸ்டெப்பர் படி எண்ணிட்டே நடக்கும். ஆனா வழியில தடுக்குனா அதுக்குத் தெரியாது. வந்து சேந்துட்டோம்னு அதுபாட்டுக்கு நெனச்சுக்கிடும்."

கிளிட்டஸ் பெட்டியின் துளைக்குள் கையை விட்டான். உள்ளே ரப்பர் உறை போட்ட விரல்கள் அவன் விரல்களைச் சுற்றி மூடின. அடுத்த அறையில் செலின் இன்னொரு பெட்டியில் கைவிட்டிருந்தாள். அவள் மூன்று முறை அமுக்கினாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஜெனோவா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து காலை ஆறே முக்கால் முதல் ஏழு வரை அப்பாவின் நேரம். ஜெனோவா மோட்டாரைப் பார்த்துக்கொண்டாள். மென்பொருளைக் கிளிட்டஸ் பார்த்துக்கொண்டான், கப்பலில் ஓய்வு நேரம் கிடைத்தபோதெல்லாம் ஏதாவது திருத்தி அனுப்புவான். வரைபடத்தையும் மென்பொருளையும் அவர்கள் இணையத்தில் சும்மா கொடுத்தார்கள். கடலுக்கும் வளைகுடாவுக்கும் ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில் அது பரவியது. எழுநூறு ஜோடிப் பெட்டிகளுக்கு மேல் ஆகியிருந்தன. எல்லாமே ஜெனோவா நடத்தும் ஒரு சின்ன சர்வர் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசின.

சனிக்கிழமை மத்தியானம் செலின் பாட்டு வகுப்புக்குப் போனபிறகு ஜெனோவா பெட்டியைப் பிரித்தாள். நடுவிரல் சர்வோவின் பல்சக்கரத்தில் இரண்டு பல் மழுங்கியிருந்தன. விரல் கடைசிவரை மூடி உள்ளங்கையில் மோதினால்தான் அந்த இடத்தில் தேயும். நடுவில் ஒரு கை இருந்தால் அதுவரை போகவே போகாது. என்னடா இது என்று பெட்டியின் நினைவு அட்டையைக் கழற்றிக் கணினியில் போட்டாள். கப்பலிலிருந்து வந்த அழுத்தங்கள் எல்லாம் அதில் எண்களாக இருந்தன. எந்த நாளில் நடுவிரலுக்கு அதிக வேலை என்று பார்க்கத் திங்களுக்கும் வியாழனுக்கும் கோடு இழுத்தாள்.

இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன.

கோப்புதான் இரண்டு முறை பதிவாகிவிட்டது என்று முதலில் நினைத்தாள். செவ்வாயை எடுத்தாள். அது வேறு மாதிரி இருந்தது. மனசு லேசானது. வெள்ளியை எடுத்தாள். செவ்வாயும் வெள்ளியும் கடைசி எண்வரை ஒன்று. புதனும் சனியும் ஒன்று.

மனிதக் கை ஒருமுறை அமுக்கியது போல் மறுமுறை அமுக்காது. இதை அவள் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பதினைந்து நிமிஷம் முழுக்க, ஐந்து விரலும், ஒரு துளி மாறாமல் அமுக்க மனிதனால் முடியாது. இது பதிவு. மூன்று பதிவுகளை மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறான்.

மூன்று என்பதுதான் அவளைக் குத்தியது. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தால் சோம்பல் என்று விட்டிருக்கலாம். மூன்று வைத்திருக்கிறான் என்றால் பிள்ளை கண்டுபிடித்துவிடக் கூடாதென்று யோசித்திருக்கிறான். உட்கார்ந்து, திட்டம் போட்டு, அக்கறையாக ஏமாற்றியிருக்கிறான்.

பின்னோக்கிப் போனாள். நவம்பர், அக்டோபர், செப்டம்பர். நவம்பரில் இரண்டு நாள் தவிர, ஜூலை பதினான்குக்கு முந்தைய நாட்களில்தான் கோடுகள் உயிரோடு நெளிந்தன. திரும்பி வரும்போது செப்டம்பர் ஒன்பதில் அவள் விரல் நின்றது.

செப்டம்பர் ஒன்பது அவளுடைய அப்பாவை அடக்கம் செய்த நாள். முந்தின நாள் கிளிட்டஸ் போனில் சொல்லியிருந்தான்: "காலையில நீ கைய வை ஜெனி. பிள்ள வேண்டாம், நீ வை. நான் இருக்கேன்." வீடு நிறைய ஆள் இருந்தும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்குள் கைவிட்டு அழுதாள். அழ அழ அந்தக் கட்டைவிரல் அவள் புறங்கையை மெல்ல இரண்டு தடவை தட்டிக்கொடுத்தது. அந்த இரண்டு தட்டலை வைத்துக்கொண்டுதான் அவள் அன்றைக்குக் கல்லறைவரை நடந்து போனாள்.

செப்டம்பர் ஒன்பதும் நேற்றைய வெள்ளிக்கிழமையும் ஒரே கோடு. அந்த இரண்டு தட்டல் நேற்றும் வந்திருக்கிறது, அதே நொடியில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செலினைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளே அழைத்தாள். கிளிட்டஸ் திரையில் வந்தான். ஷேவ் செய்யாத முகம்.

"என்ன ஜெனி, சாப்பிட்டாச்சா?"

"ஜூலை பதினாலுலருந்து பெட்டிக்குள்ள யாரு கை?"

அவன் திரையை விட்டுக் கண்ணைத் தாழ்த்தினான்.

"பாத்துட்டியா."

"பாத்துட்டேன்."

"வாட்ச் டூட்டிய மாத்திட்டாங்க ஜெனி. நாலு மணி நேரம்தான் தூக்கம். ஒரு நாள் எந்திரிக்க முடியல. அன்னைக்குப் பிள்ள அழுதாளுன்னு நீ சொன்ன. மறுநாளும் அப்படி ஆயிரக் கூடாதுன்னு ஒரு நல்ல நாளப் பாத்து சேமிச்சு வச்சேன். ஒரு அவசரத்துக்குன்னுதான்."

"அஞ்சு மாசம் அவசரமா?"

"ஓட்டிப் பாத்தேன். யாருக்கும் தெரியல. கஷ்டமாவும் இல்ல. அதான் எனக்கே பயமா இருந்துச்சு. ஆனா நிப்பாட்டல."

"அப்பாவ எடுத்த அன்னைக்கு நான் இருக்கேன்னு சொன்னீங்க. அன்னைக்கு என்ன வேலை? இன்ஜின்ல கோளாறா?"

அவன் பொய் சொல்ல வாய் திறந்தது அவளுக்குத் தெரிந்தது. மூடிக்கொண்டதும் தெரிந்தது.

"வேலை ஒண்ணும் இல்ல. தூங்கிட்டேன்."

"நீ மனுஷன்தானா?" கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"திட்டு. என்னமும் சொல்லு. இன்னொண்ணும் இருக்கு, அதையும் கேட்டுரு. அந்தச் சேமிக்குற வசதிய நான் மென்பொருள்லயே சேத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இங்க கப்பல்ல எட்டுப் பேரு கேட்டானுவ. தனித்தனியாக் குடுக்கதுக்குப் பதிலா..."

"எல்லாருக்குமா? எழுநூறு வீட்டுக்குமா?"

"பட்டன மூணு நொடி அமுக்குனா சேமிக்கும். ரெண்டு தடவ தட்டுனா ஓடும். வெளிய எழுதல. தெரிஞ்சவன் தெரிஞ்சவனுக்குச் சொல்லிக்கிட்டான்."

அவள் பெயரில் போன பெட்டி. என் வீட்டுக்காரர் கையைத் தந்த மகராசி என்று முன்பின் தெரியாத பெண்கள் எழுதிய கடிதங்களை அவள் ஒரு பைலில் போட்டு வைத்திருந்தாள். அதை அவனுக்குப் படித்தும் காட்டியிருக்கிறாள். அவன் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

"ஆனா ஜெனி, நீயும் அதத்தான செஞ்ச?" என்றான் கிளிட்டஸ் திடீரென்று.

"என்ன?"

"போன மாசம் டர்பன் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நாலு நாள் கிடந்தோம். மனசு கேக்கல. பதிவ நிப்பாட்டிட்டு நேராக் கைய வச்சேன். மூணு தடவ அமுக்குனேன். செலின் திருப்பி அமுக்கல. வேற எதையோ அமுக்கிட்டு இருந்தா. மறுநாளும் பாத்தேன், அதே மாதிரி. அந்தப் பக்கமும் பதிவுதான். உனக்குத் தெரிஞ்சுபோச்சு, கோவத்துல வச்சிருக்கன்னு நெனச்சேன். எனக்கு வேணும்னு பேசாம இருந்துட்டேன்."

ஜெனோவா போனை வைத்துவிட்டாள். மழுங்கிய பல்சக்கரம் ஞாபகம் வந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் விரல் மூடி மூடித் தேய்ந்த பல்.

செலின் பக்கத்து வீட்டிலிருந்து பனங்கிழங்கைக் கடித்துக்கொண்டே வந்தாள். ஜெனோவா அவளைக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"காலையில பெட்டிக்குள்ள கைய வைக்கியா?"

மகள் மெல்லுவதை நிறுத்தினாள். "இல்ல."

"எப்பத்துலருந்து?"

"ரொம்ப நாளா. பட்டனத் தட்டிட்டு பால்கனியில போய்ப் படக்கதை படிப்பேன்."

"ஏன்ட்டி?"

"அது அப்பா இல்லம்மா. நான் மூணு அமுக்கு அமுக்குனா அப்பா நாலு அமுக்குவாங்க. அதான் எங்க கணக்கு. அது எத்தன அமுக்குனாலும் அதுபாட்டுக்கு அமுக்கிச்சு. பட்டனத் தப்பா அமுக்கினப்போதான் இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. எனக்கு அந்தக் கையப் பிடிக்கப் பிடிக்கல."

"அம்மாகிட்ட சொல்லிருக்கலாம்லா?"

செலின் பனங்கிழங்கின் நாரை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லத்தான் வந்தேன். அன்னைக்குத்தான் தாத்தாவ எடுத்தாங்க. நீ அதப் பிடிச்சிட்டு அழுதுட்டு இருந்த. ஜன்னல் வழியாப் பாத்தேன். சொன்னா உனக்கு அதுவும் போயிரும்லா."

மூன்று மாதத்துக்கும் மேலாக ஜெனோவா தோசை வார்க்கும்போது முன்னறையில் இரண்டு பதிவுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. கடலில் இருந்தவனுக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். செய்து வைத்தவள் ஒருத்திதான் அந்த முனகலைக் கேட்டு, குடும்பம் ஒன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். கணவன் ஏமாற்றினான் என்பது கோபமாக வந்தது. மகள் தன்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய்யைச் சுமந்தாள் என்பது எதுவாகவும் வரவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவள் மென்பொருளைத் தானே பிரித்துப் படித்துத் திருத்தினாள். தந்திரம் எளிது. எதிர்பாராத நேரத்தில் பெட்டி விரலை லேசாகச் சுண்டும். உயிருள்ள கை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சிலிர்க்கும். பதிவு சிலிர்க்காது. சிலிர்ப்பு வராவிட்டால் மறுமுனையில் மோட்டார்களுக்கு மின்சாரம் நின்று விரல்கள் தளர்ந்து தொங்கிவிடும். தைப்பொங்கல் கழிந்த திங்கட்கிழமை முதல் ஆள் இல்லாத கை அசையாது என்று எல்லா வீட்டுக்கும் அறிவித்தாள்.

வசவுகள் வந்தன. "என் வீட்டுக்குள்ள நாட்டாமை பண்ண நீ யாரு?" என்று துபாயிலிருந்து ஒருவன் எழுதினான். "தெரியாமலே இருந்திருப்பேனே" என்று ஒருத்தி எழுதினாள், அவ்வளவுதான் எழுதினாள். எதற்கும் ஜெனோவா பதில் போடவில்லை. அவள் மனசு கல்லாகத்தான் இருந்தது, குளச்சலிலிருந்து அந்தக் குரல் செய்தி வரும்வரை.

"மேடம், என் பேரு புளோரா. எங்களுக்கு மட்டும் அந்தப் புதுசு வேண்டாம். எங்க வீட்டுக்காரரு கடல்ல போயி நாலு மாசம் ஆவுது. ஆளு கெடைக்கல. அவரு சேமிச்சு வச்சது ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கு. என் மகன் டெய்லி அதுல கைய வச்சிட்டுத்தான் பள்ளிக்கூடம் போறான். அது பதிவுன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்க யாரும் யாரையும் ஏமாத்தல மேடம். அந்தக் கையத் தொங்கப் போட்டுறாதீங்க."

ஜெனோவா அதை இரண்டு முறை கேட்டாள். கிளிட்டஸ் ரகசியமாகச் சேர்த்த அந்த வசதி இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிழை பதிவில் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான் என்பது அவளுக்குத் தெளிவானது. மின்சாரத்தை நிறுத்தும் வரிகளை அழித்தாள். அதற்குப் பதில் பெட்டியின் முகப்பில் ஏற்கெனவே இருந்த சின்ன விளக்கை எடுத்துக்கொண்டாள். ஆள் இருந்தால் பச்சை, பதிவென்றால் மஞ்சள். கை அதுபாட்டுக்கு அசையட்டும், எந்தக் கை என்று மட்டும் தெரியட்டும்.

அந்தத் திங்கட்கிழமை காலை சர்வரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது, அறுபது வீட்டில் மஞ்சள் எரியும் என்று எண்ணியிருந்தாள். இருநூற்று எழுபது வீடுகளில் எரிந்தது. அதில் நாற்பத்தொரு ஜோடிகளில் இரண்டு முனையும் மஞ்சள். அன்று மாலைக்குள் நூறு பெட்டிகள் இணைப்பை விட்டுப் போய்விட்டன. அந்த வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டுப் பெட்டியில் எந்த விளக்கும் எரியவில்லை. செலின் கேட்டுக்கொண்டபடி அதன் ஒயரை உருவிவிட்டாள்.

பிப்ரவரி கடைசியில் கிளிட்டஸ் வந்தான். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. காலை ரயிலுக்கு இருவரும் ஸ்டேஷன் போனார்கள். அவன் இறங்கி, பயணப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மகளைப் பார்த்துக் கையை நீட்டினான். செலின் அந்தக் கையைப் பார்த்தாள். குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, கடகடவென்று இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நீட்டிய கையை அவன் மெல்ல மடக்கிக்கொண்டான்.

"ஜெனி" என்றான்.

"ஆட்டோ வெளிய நிக்குது" என்றாள் அவள்.

ஆட்டோவில் செலின் நடுவில் உட்கார்ந்தாள். வண்டி போகப் போக, விடியலிலேயே எழுந்த பிள்ளைக்குக் கண் சொருகியது. தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. மடியிலிருந்த கை நழுவி, உள்ளங்கை மேலாக, அவன் கையின்மேல் போய் விழுந்தது.

கிளிட்டஸ் அதைப் பிடிக்கவில்லை. விலக்கவும் இல்லை. விரல் ஒன்று அசைந்தாலும் பொய்யாகிவிடும் என்று பயந்தவனைப் போல, குலுங்கும் வண்டியில் அந்தக் கையை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டு இருந்தான். அவன் கண்ணிலிருந்து வழிந்ததை ஜெனோவா பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. அது உண்மைதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இனி எத்தனை காலத்துக்கு அவன் செய்வது ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோமோ என்றுதான் தோன்றியது.

"லெஃப்ட்டா, ரைட்டா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல வாய் திறந்தார்கள். அவன் நிறுத்திக்கொண்டான். அவள் சொன்னாள்.